தேடுறதுக்காக வந்த நம்பர்: டேவிட் பார்னஸும் சைட்டேஷன் கணக்கும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

 

கொஞ்ச நாளாவே உங்ககிட்ட இருந்து ஒரே கேள்வி ரெண்டு வேஷத்துல வருது. பிஎச்டி பண்றவங்க கேட்கிறது இது: "அண்ணா, நான் என்ன ஆராய்ச்சி பண்றேன்னு யாருமே கேட்க மாட்டேங்கிறாங்க. எத்தனை பேப்பர், எத்தனை சைட்டேஷன், அவ்வளவுதான் கேட்கிறாங்க." ஐடியில இருக்கிறவங்க கேட்கிறது இது: "ப்ரோ, எங்க மேனேஜர்கிட்ட ஒரு டாஷ்போர்டு இருக்கு. யார் எத்தனை புல் ரெக்வஸ்ட் போட்டாங்கன்னு அதுல தெரியும். அப்ரைசல்ல அதுதான் பேசுது."

வேஷத்தைக் கலைச்சுப் பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். என் வேலையோட மதிப்பை ஒரு நம்பர் சொல்லிடுமா?

இதுக்கு நான் பொதுவா ஏதாவது சொன்னா உபதேசம் மாதிரி ஆயிடும். அதனால ஒரே ஒரு மனுஷரோட ஆராய்ச்சி வாழ்க்கையை எடுத்துப் பார்ப்போம். டேவிட் லார்ஜ் பார்னஸ். சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் துறையில அதிகமா மேற்கோள் காட்டப்படுற பேர்கள்ல ஒண்ணு. அதே ஆள்தான் 2007ல "பேப்பர் எண்ணுற விளையாட்டை நிறுத்துங்க"ங்கிற அர்த்தத்துல தலைப்பு வச்சு ஒரு கட்டுரை எழுதினாரு. நம்பர் இல்லாதவங்க நம்பரைத் திட்டினா சீச்சீ இந்தப் பழம் புளிக்கும்னு சொல்லிடலாம். கூடை நிறைய பழம் வச்சிருக்கிறவர் சொன்னா கொஞ்சம் உட்கார்ந்து கேட்கணும்.

ஆறு பக்கம்

பார்னஸ் 1941ல அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துல, பிளாட்ஸ்பர்க் ஊர்ல பிறந்தவர். பிட்ஸ்பர்க்ல இருக்கிற கார்னகி கல்லூரியில, இப்போ நாம கார்னகி மெலன்னு சொல்றோமே அங்கதான், எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்ல டாக்டர் பட்டம் வரைக்கும் படிச்சாரு. அந்தக் காலத்துல சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்ங்கிற பேரே புதுசு. 1968ல ஜெர்மனியின் கார்மிஷ்ல நேட்டோ நடத்தின ஒரு மாநாட்டுக்கு அப்புறம்தான் அந்தப் பேர் பரவலாச்சு. பெரிய புரோகிராம்களை எழுத ஆரம்பிச்சிட்டாங்க, ஆனா பத்துப் பேர் சேர்ந்து எழுதினா எப்படிப் பிரிச்சுக்கணும்னு யாருக்கும் தெளிவா தெரியலை.

1972 டிசம்பர்ல ஏசிஎம் அமைப்போட மாத இதழ்ல பார்னஸோட ஒரு கட்டுரை வந்துச்சு. 1053ஆம் பக்கத்துல தொடங்கி 1058ல முடியுது. மொத்தம் ஆறே பக்கம். ஒரு சிஸ்டத்தை மாட்யூல்களா பிரிக்கும்போது எந்த அடிப்படையில பிரிக்கணும்? இதுதான் கேள்வி.

இதுக்கு அவர் எடுத்துக்கிட்ட உதாரணம் ரொம்பச் சின்னது. நல்ல புரோகிராமர் ஒருத்தர் ஒண்ணு ரெண்டு வாரத்துல எழுதிடலாம்னு அவரே சொல்றாரு. அதுக்குப் பேர் க்விக் இன்டெக்ஸ். அந்தக் காலத்துல நூலகத்துல ஒரு கட்டுரையைத் தேடணும்னா தலைப்போட முதல் சொல் தெரிஞ்சிருக்கணும். அது தெரியலைன்னா? தலைப்பைச் சுத்தி விட்டுடுவாங்க. உதாரணத்துக்கு "மழைக்கால மீன்பிடி முறைகள்"னு ஒரு தலைப்பு. முதல் சொல்லை எடுத்துக் கடைசியில போட்டா "மீன்பிடி முறைகள் மழைக்கால". இன்னொரு சுத்து சுத்தினா "முறைகள் மழைக்கால மீன்பிடி". இந்த மாதிரி எல்லாத் தலைப்போட எல்லாச் சுத்தையும் அகரவரிசையில அடுக்கிட்டா, எந்தச் சொல் ஞாபகம் இருந்தாலும் கட்டுரையைப் பிடிச்சிடலாம். ஐபிஎம்ல இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1950கள் கடைசியில பிரபலமாக்கின முறை இது. கூகுள் இல்லாத காலத்து கூகுள்னு வச்சுக்கோங்க.

இந்த இன்டெக்ஸை ஒரு ஓரமா ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இதை ரெண்டு விதமா பிரிச்சுக் காட்டுறாரு பார்னஸ். முதல் விதம், நம்ம எல்லாருக்கும் கை தன்னால போற விதம். ஃப்ளோசார்ட் வரை, ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு மாட்யூல் ஆக்கு. உள்ளே வாங்குறதுக்கு ஒண்ணு, சுத்துறதுக்கு ஒண்ணு, அடுக்குறதுக்கு ஒண்ணு, பிரிண்ட் பண்றதுக்கு ஒண்ணு, எல்லாரையும் மேய்க்க ஒண்ணு. பார்க்க அழகா இருக்கும். ஆனா வரிகள் மெமரியில எந்த வடிவத்துல இருக்குங்கிறது இந்த அஞ்சு பேருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

இப்போ அவர் கேட்கிறாரு: நாளைக்கு ஏதாவது மாறினா என்ன ஆகும்? எல்லா வரியையும் மெமரியில வைக்க இடம் பத்தலை. இல்லைன்னா, நாலு எழுத்தை ஒரே மெஷின் வேர்டுல அடைக்கிற முறையை மாத்தணும். முதல் விதத்துல அஞ்சு மாட்யூலையும் திறந்து கை வைக்கணும்.

ரெண்டாவது விதத்துல, வேலையோட வரிசையை அவர் கண்டுக்கவே இல்லை. எந்தெந்த முடிவு பின்னாடி மாற வாய்ப்பு இருக்குன்னு பட்டியல் போடுறாரு. ஒவ்வொரு முடிவையும் ஒரு மாட்யூலுக்குள்ள பூட்டி வைக்கிறாரு. வரிகள் மெமரியில எப்படி இருக்குங்கிறது ஒரே ஒரு மாட்யூலோட ரகசியம். மத்தவங்க "மூணாவது வரியில ரெண்டாவது சொல்லைக் கொடு"ன்னு கேட்கலாம், அவ்வளவுதான். உள்ளே எப்படி வச்சிருக்கேன்னு கேட்கிற உரிமை கிடையாது. இதுக்குத்தான் தகவல் மறைப்புன்னு பேர். இன்ஃபர்மேஷன் ஹைடிங்.

இதுல ஒரு நேர்மையும் இருக்கு. ரெண்டாவது முறையை அப்படியே எழுதினா ஓயாம ஒரு மாட்யூல் இன்னொரு மாட்யூலைக் கூப்பிட வேண்டியிருக்கும், வேகம் குறையும்னு அவரே எடுத்துச் சொல்லி அதுக்கும் ஒரு வழி யோசிக்கிறாரு. தன் யோசனையோட பலவீனத்தை ஆறு பக்கத்துக்குள்ளயே பேசிட்டாரு.

50 வருஷப் பழைய கதை எனக்கு எதுக்குன்னு தோணலாம். நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல நாலு மைக்ரோ சர்வீஸ் இருந்துச்சு. ஆர்டர் வாங்க, பணம் வாங்க, அனுப்ப, ரிப்போர்ட் எடுக்க. பேர்ல நாலு, ஆனா நாலும் ஒரே டேட்டாபேஸ் டேபிளை நேரடியா படிச்சுச்சு. அந்த டேபிள்ல தேதி இருக்கிற ஒரு காலத்தோட வடிவத்தை மாத்த நாலு டீமையும் ஒரே மீட்டிங்ல உட்கார வைக்க வேண்டியதாச்சு. தேதி பார்க்கவே ரெண்டு வாரம். பார்னஸ் சொன்ன முதல் விதம்தான் அது. என்ன, 1972ல மெமரி, இப்போ கிளவுட்.

திட்டினாலும் ஒண்ணு, பாராட்டினாலும் ஒண்ணு

சரி, இப்போ நம்பருக்கு வருவோம். ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை இன்னொரு கட்டுரையைத் தன்னோட பட்டியல்ல குறிப்பிட்டா அது ஒரு சைட்டேஷன். பார்னஸோட அந்த ஆறு பக்கத்துக்கு ஆயிரக்கணக்குல சைட்டேஷன் இருக்கு. எல்லாம் ஒரே மாதிரியா?

ஃப்ரெட் ப்ரூக்ஸ்னு ஒருத்தர். ஐபிஎம்ல ஓஎஸ் 360ங்கிற பிரம்மாண்டமான ஆபரேட்டிங் சிஸ்டம் வேலையை மேய்ச்சவர். 1975ல "தி மித்திக்கல் மேன் மன்த்"னு ஒரு புத்தகம் எழுதினாரு. பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. அந்த ஓஎஸ் புராஜெக்ட்ல எல்லா புரோகிராமருக்கும் எல்லா விவரமும் தெரியணும்ங்கிறது கொள்கை. எல்லார் மேஜையிலயும் மொத்த ஆவணமும் இருக்கும். அந்தப் புத்தகத்துல பார்னஸோட யோசனையையும் குறிப்பிடுறாரு ப்ரூக்ஸ். எப்படின்னா, இது நாசத்துக்கு வழிங்கிற மாதிரி.

20 வருஷம் கழிச்சு, 1995ல அதே புத்தகத்தோட புதுப் பதிப்பு வருது. அதுல ப்ரூக்ஸ் இதுக்குன்னே ஒரு பகுதி ஒதுக்கி, தகவல் மறைப்பு விஷயத்துல பார்னஸ் சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்புன்னு வெளிப்படையா எழுதுறாரு. அந்தப் புத்தகத்தை வேதம் மாதிரி படிச்சுக்கிட்டிருந்த துறை. அதுல நின்னுக்கிட்டு இப்படிச் சொல்றதுக்குத் தனி மனசு வேணும்.

இப்போ எண்ணுற மெஷின் பக்கத்துல இருந்து பாருங்க. 1975ல திட்டினது ஒரு குறிப்பு. 1995ல மனசு மாறினது இன்னொரு குறிப்பு. மெஷினுக்கு ரெண்டும் பிளஸ் ஒண்ணு, பிளஸ் ஒண்ணு. அந்த 20 வருஷத்துல என்ன நடந்துச்சு, ஒரு துறை தன் எண்ணத்தை எப்படி மாத்திக்கிச்சுங்கிற மொத்தக் கதையும் ரெண்டு பிளஸ்ஸுக்கு நடுவுல காணாம போயிடுது.

இன்னொரு வகையும் இருக்கு. படிக்காமலே குறிப்பிடுறது. காலேஜ்ல நம்மகிட்ட தகவல் மறைப்புன்னா என்னன்னு சொன்னாங்க? எல்லா வேரியபிளையும் பிரைவேட் ஆக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கெட்டர், ஒரு செட்டர் எழுது. முடிஞ்சுது. ஆனா உள்ளே இருக்கிற ஒவ்வொரு ஃபீல்டுக்கும் வெளியில ஒரு கெட்டர் வச்சிட்டா என்ன ரகசியம் மிச்சம் இருக்கு? கதவைப் பூட்டிட்டு சாவியை வாசல்லயே மாட்டி வச்ச மாதிரி. பார்னஸ் மறைக்கச் சொன்னது ஃபீல்டை மட்டும் இல்லை, மாறக்கூடிய முடிவை. அந்த வித்தியாசம் புரியாமலே அந்தக் கட்டுரையைப் பட்டியல்ல போட்டுட்டுப் போகலாம். அதுக்கும் பிளஸ் ஒண்ணு.

கரைஞ்சு போன பேர்

இதுக்கு நேர் எதிரான ஒண்ணும் நடக்கும், அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

ராபர்ட் மெர்ட்டன்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர். அறிவியல் எப்படி ஒரு சமூகமா இயங்குதுன்னு ஆராய்ஞ்சவர். அவர் ஒரு விஷயத்தைக் கவனிச்சாரு. ஒரு யோசனை ரொம்ப வெற்றி அடைஞ்சா, அதைக் கண்டுபிடிச்சவரைக் குறிப்பிடுறதையே நிறுத்திடுவாங்க. அது எல்லாருக்கும் பொதுச் சொத்து ஆயிடும். தோசைக்கு மாவு புளிக்க வைக்கணும்னு சொல்லும்போது யாரும் ஆதாரம் கேட்கிறது இல்லையே, அந்த மாதிரி. யோசனை கரைஞ்சு உள்ளே போயிடுது, பேர் அழிஞ்சிடுது.

பார்னஸுக்கு நடந்ததும் அதுதான். இன்னைக்கு நீங்க ஏபிஐ டாக்குமென்ட்டைப் பார்த்து ஒரு லைப்ரரியை உபயோகிக்கிறீங்க, உள்ளே எப்படி எழுதியிருக்காங்கன்னு பார்க்கிறது இல்லை. டேட்டாபேஸ் டிரைவரை மாத்துறீங்க, மத்த கோட் அப்படியே ஓடுது. இதுக்குப் பின்னாடி இருக்கிற எண்ணத்துல பார்னஸுக்குப் பெரிய பங்கு இருக்கு. அந்தத் திசையில யோசிச்சவங்க வேற சிலரும் உண்டு, அவர் ஒருத்தரே எல்லாத்தையும் கண்டுபிடிச்சாருன்னு சொல்ல வரலை. ஆனா ஒவ்வொரு நாளும் அவர் யோசனை மேல நின்னு வேலை செய்ற எத்தனை புரோகிராமர் அவரைக் குறிப்பிடுறோம்? கமிட் மெசேஜ்ல "நன்றி, பார்னஸ் 1972"ன்னு யாராவது எழுதினதுண்டா?

அதாவது ஒரு யோசனை பாதி ஜெயிச்சா நம்பர் ஏறும். முழுசா ஜெயிச்சா நம்பர் நிக்கவும் செய்யலாம்.

கணக்குல வராத வேலை

அவரோட வாழ்க்கையில இன்னும் மூணு விஷயம் சொல்றேன். கட்டுரைகள் வந்துச்சு, ஆனா அதோட எடை கட்டுரையில இல்லை.

ஒண்ணு. 1970கள்ல அமெரிக்கக் கடற்படையோட ஆராய்ச்சிக் கூடத்துக்காக ஏ-7 போர் விமானத்தோட சாஃப்ட்வேர் மேல வேலை. ஏற்கெனவே பறந்துக்கிட்டிருந்த விமானம். இந்த முறைகள் நிஜ உலகத்துல செல்லுமான்னு காட்டறதுக்காகவே அந்த சாஃப்ட்வேரை மறுபடி வடிவமைக்கப் போனாங்க. முதல்ல அது என்ன செய்யணும்ங்கிறதையே சந்தேகத்துக்கு இடமில்லாம, அட்டவணை அட்டவணையா எழுதினாங்க. இன்னைக்கு நாம ரெக்வயர்மென்ட்ஸ்னு சொல்றதை ஒழுங்கா எழுதறதுக்கு அது ஒரு முன்மாதிரி ஆச்சு.

ரெண்டு. ரீகன் 1983ல அறிவிச்ச ஏவுகணைத் தடுப்புத் திட்டம். ஸ்டார் வார்ஸ்னு பத்திரிகைகள்ல எழுதினாங்களே, அது. எதிரி ஏவுகணைகளை வானத்துலயே அழிக்கணும், அதுக்குக் கம்ப்யூட்டர் வேணும். அந்தக் கம்ப்யூட்டர் பகுதிக்கான ஆலோசனைக் குழுவுல பார்னஸைப் போட்டாங்க. ஒரு நாளைக்கு 1000 டாலர் சம்பளம், 1985ல. அவர் ராணுவத்துக்கு எதிரானவர் இல்லை, கடற்படைக்கு வருஷக்கணக்கா வேலை பார்த்தவர். ஆனா 1985 ஜூன்ல ராஜினாமா பண்ணினாரு. சும்மா கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பலை. ஏன் இந்த சாஃப்ட்வேரை நம்ப முடியாதுன்னு எட்டுச் சின்னக் கட்டுரைகளா எழுதிக் கொடுத்துட்டுப் போனாரு. எதிரி என்ன அனுப்புவான்னு முன்னாடியே தெரியாது. நிஜப் போர் இல்லாம முழுசா டெஸ்ட் பண்ண முடியாது. முதல் தடவையே சரியா வேலை செய்யணும். சண்டை நடக்கும்போது உட்கார்ந்து டீபக் பண்ண நேரம் கிடையாது. இதுதான் சாராம்சம்.

அந்தக் கட்டுரைகள் அதே வருஷம் வெளியாச்சு, அதுக்கும் சைட்டேஷன் இருக்கு. ஆனா ஒரு நிபுணர் சம்பளத்தைத் தூக்கிப் போட்டுட்டு "இது நடக்காது"ன்னு பொதுவெளியில சொன்ன அந்த ஒரு செயலை எந்தப் பட்டியல்ல ஏத்துவீங்க?

மூணு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துல டார்லிங்டன் அணுமின் நிலையம். ஆபத்து வந்தா உலையை நிறுத்துற வேலையை அங்க சாஃப்ட்வேர் கையில கொடுத்திருந்தாங்க. அனுமதி கொடுக்க வேண்டிய ஒழுங்குமுறை வாரியத்துக்கு அதை நம்பலாமான்னு சந்தேகம். 1980கள் கடைசியில பார்னஸை ஆலோசகரா கூப்பிட்டாங்க. கோட் எழுதினவங்க சொல்றதை வச்சு முடிவு பண்ணாம, என்ன செய்யணும்னு ஒரு அட்டவணை, கோட் உண்மையில என்ன செய்யுதுன்னு இன்னொரு அட்டவணை, ரெண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கிற முறையைக் கொண்டுவந்தாரு. விமானத்துக்குப் பிறந்த அட்டவணை அணு உலைக்கு வந்துச்சு. மாசக்கணக்கா இழுத்துச்சு, செலவும் ஆச்சு. இந்த மாதிரி வேலை ஒழுங்கா முடிஞ்சா அதோட பலன் என்ன தெரியுமா? எதுவும் நடக்காது. நடக்காத விபத்தை எண்ணுறதுக்கு மெஷின் இல்லை.

2007: விளையாட்டை நிறுத்துங்க

இப்படி ஒரு வாழ்க்கை வாழ்ந்துட்டுத்தான், அயர்லாந்துல லிமெரிக் பல்கலைக்கழகத்துல இருந்தப்போ, 2007 நவம்பர்ல அந்தக் கட்டுரையை எழுதினாரு. வந்த இடத்தைக் கவனிங்க. 1972ல ஆறு பக்கம் வந்த அதே ஏசிஎம் இதழ்.

அவர் வாதத்தை என் பாஷையில சொல்றேன். ஆராய்ச்சியாளரை பேப்பர் எண்ணி மதிப்பிட்டா, அவர் பேப்பர் தயாரிக்க ஆரம்பிப்பாரு. ஒரு நல்ல யோசனையை நாலு துண்டா வெட்டி நாலு பேப்பர் ஆக்கலாம். பெரிய குழு சேர்த்துக்கிட்டு எல்லாத்துலயும் பேர் போட்டுக்கலாம். உன் பேப்பர்ல என் பேர், என் பேப்பர்ல உன் பேர்னு ஒப்பந்தம் போடலாம். நீ என்னை சைட் பண்ணு, நான் உன்னை சைட் பண்றேன்னு ஒரு கூட்டம் சேர்க்கலாம். பாதி வெந்த யோசனையை அவசரமா இறக்கலாம். அஞ்சு வருஷம் ஆகுற கஷ்டமான கேள்வியை மட்டும் யாரும் தொட மாட்டாங்க.

சரி, பேப்பர் எண்ணிக்கை வேண்டாம், சைட்டேஷன் எண்ணலாமேன்னா, அதுலயும் எதிர்க்கிறதுக்காகக் குறிப்பிட்டது, மரியாதைக்காகக் குறிப்பிட்டது எல்லாம் கலந்துதான் இருக்குங்கிறாரு. ப்ரூக்ஸ் கதையை நேர்ல பார்த்தவர் இல்லையா. ரெண்டு பேரும் நார்த் கரோலினா பல்கலைக்கழகத்துல ஒரே துறையில இருந்திருக்காங்க, அந்தத் துறையைத் தொடங்கினதே ப்ரூக்ஸ்தான்.

இப்போ எல்லாரும் பேசுற ஹெச் இன்டெக்ஸையும் ஒரு நிமிஷம் பார்ப்போம். ஹோர்ஹே ஹிர்ஷ்ங்கிற இயற்பியலாளர் 2005ல சொன்னது. உங்களுக்கு 10 பேப்பர் இருந்து ஒவ்வொண்ணுக்கும் குறைஞ்சது 10 சைட்டேஷன் இருந்தா உங்க ஹெச் 10. இப்போ ஒரு கற்பனைக் கணக்கு. ஒருத்தர் வாழ்நாள்ல அஞ்சே பேப்பர், ஒவ்வொண்ணுக்கும் 1000 சைட்டேஷன். மொத்தம் 5000, ஹெச் 5. இன்னொருத்தர் 30 பேப்பர், ஒவ்வொண்ணுக்கும் 30 சைட்டேஷன். மொத்தம் 900, ஹெச் 30. ஒரு துறையையே திருப்பிப் போட்டவர் தோத்துட்டாரு. 2020ல ஹிர்ஷே இந்த அளவுகோலால மோசமான விளைவுகளும் வரலாம்னு எழுதினாரு.

நம்ம ஊருக்கும் இதுல பங்கு இருக்கு. பிஎச்டி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கிறதுக்கு முன்னாடி ஜர்னல்ல பேப்பர் வந்தே ஆகணும்ங்கிற கட்டாயத்தை யுஜிசி 2022 விதிகள்ல எடுத்துட்டாங்க. ஆனா கல்லூரிகளை வரிசைப்படுத்துற என்ஐஆர்எஃப்ல பேப்பருக்கும் சைட்டேஷனுக்கும் மதிப்பெண் தொடருது. கல்லூரிக்கு அந்த மார்க் வேணும்னா அழுத்தம் எங்க இறங்கும்? எனக்கு மெசேஜ் போடுறீங்களே, உங்க தலையிலதான்.

எதிர்த்தரப்பு சொல்றதும் நியாயம்தான்

இதைப் பத்தி என் நண்பர் ஒருத்தர்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன். பெரிய பேர் இல்லாத ஒரு கல்லூரியில படிச்சிட்டு ஆராய்ச்சிக்குப் போனவர். அவர் சொன்னது: "மச்சான், நம்பர் இல்லைன்னா யார் என்னைத் திரும்பிப் பார்த்திருப்பா? எனக்கு சிபாரிசு பண்ண ஆள் கிடையாது. அந்த நம்பர் ஒண்ணுதான் என் பேருக்குப் பேசிச்சு."

இதுக்கு என்னால சுலபமா பதில் சொல்ல முடியலை. எண்ணிக்கையை எடுத்துட்டா அந்த இடத்துல நியாயம் வந்து உட்காருமா, இல்லை தெரிஞ்சவங்க சிபாரிசு வந்து உட்காருமா? நம்ம ஊர்ல ரெண்டாவதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பார்னஸ் சொல்ற மாற்று ரொம்பப் பழசு: மதிப்பிடுறவங்க பேப்பரை உட்கார்ந்து படிங்க. சிக்கல் என்னன்னா, படிக்க நேரம் ஆகும். 200 விண்ணப்பம் வந்தா எண்ணுறது அஞ்சு நிமிஷம், படிக்கிறது மாசக்கணக்கு.

இந்த இடத்துலதான் நான் ஓரமா வைக்கச் சொன்ன இன்டெக்ஸ் வருது. க்விக் இன்டெக்ஸ் எதுக்கு வந்துச்சு? கட்டுரையைத் தேடிப் பிடிக்க. யூஜின் கார்ஃபீல்ட் 1964ல தொடங்கின சயின்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ் எதுக்கு வந்துச்சு? அதுவும் தேடுறதுக்குத்தான். ஒரு நல்ல கட்டுரை கிடைச்சா, அதை யாரெல்லாம் குறிப்பிட்டிருக்காங்கன்னு பார்த்து அடுத்த கட்டுரைக்குப் போகலாம். வழிகாட்டிப் பலகை மாதிரி. காலப்போக்குல அந்தப் பலகையை எண்ணி ஊருக்கு மார்க் போட ஆரம்பிச்சிட்டோம்.

அதனால என் நண்பருக்கும் பார்னஸுக்கும் நடுவுல எனக்குத் தெரியுற பாதை இதுதான். யாரைப் படிக்கணும்னு கண்டுபிடிக்க நம்பரை வச்சுக்கலாம். 200 பேர்ல 20 பேரை எடுக்கலாம், கொஞ்சம் அநியாயம் நடக்கும்னு தெரிஞ்சே எடுக்கலாம். ஆனா அந்த 20 பேர் எழுதினதைப் படிச்சே ஆகணும். படிக்காம முடிவு சொன்னா அதுக்குப் பேர் மதிப்பீடு இல்லை, கூட்டல் கணக்கு.

நாளைக்கு ஆபீஸ்ல

ஐடி மக்களே, உங்களுக்கும் இதேதான். பார்னஸ் 1994ல சாஃப்ட்வேருக்கு வயசாகிறதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாரு. சாஃப்ட்வேர் ரெண்டு விதமா கிழடு தட்டுமாம். உலகம் மாற மாற அதை மாத்தாம விடறது ஒண்ணு. உள்ளே என்ன இருக்குன்னு புரியாதவங்க அவசர அவசரமா கை வச்சு மாத்துறது இன்னொண்ணு. இப்போ யோசிங்க. புல் ரெக்வஸ்ட் எண்ணிக்கைதான் அப்ரைசல்னா, இந்த ரெண்டுல எது அதிகமாகும்? ஒரு மாட்யூலை ரெண்டு நாள் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டு மூணே வரி மாத்துறவரா, படிக்காம ஆறு புல் ரெக்வஸ்ட் போடுறவரா, டாஷ்போர்டுல யார் மேல இருப்பாங்க?

டாஷ்போர்டைத் தூக்குங்கன்னு உங்க மேனேஜர்கிட்ட போய் சண்டை போடச் சொல்லலை, ஈஎம்ஐ எல்லாருக்கும் இருக்கு. ரெண்டு சின்ன வேலை மட்டும் சொல்றேன்.

அப்ரைசல் ஃபார்ம்ல நம்பருக்குப் பக்கத்துல, இந்த வருஷம் நீங்க எடுத்த ஒரு முடிவை நாலு வரியில எழுதுங்க. என்ன மாறும்னு நினைச்சீங்க, அதை எங்க பூட்டி வச்சீங்க, அப்புறம் அது மாறினப்போ எத்தனை ஃபைலைத் தொட வேண்டியிருந்துச்சு. படிக்கிறதுக்கு ஏதாவது இருந்தாத்தான் மேனேஜர் படிப்பாரு.

ரெண்டாவது, பக்கத்து சீட்ல இருக்கிறவர் வேலையை நீங்க படிங்க. ரிவ்யூல வெறும் தம்ஸ் அப் போடாதீங்க. நமக்குப் பண்ணினா வலிக்கிறதை நாம மத்தவங்களுக்குப் பண்ணிக்கிட்டிருக்கோம்.

பிஎச்டி மக்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்க ஆய்வேட்டோட பட்டியல்ல இருக்கிற கட்டுரைகள்ல நீங்க முதல் பக்கம் தாண்டாத ஒண்ணை எடுத்து இந்த வாரம் முழுசா படிங்க. எதை எடுக்கிறதுன்னு தெரியலைன்னா அந்த 1972 கட்டுரையிலயே ஆரம்பிங்க. ஆறு பக்கம்தான், தாம்பரத்துல ஏறினா எழும்பூர் வர்றதுக்குள்ள முடிச்சிடலாம். படிச்சிட்டு, உங்க ஆபீஸ்ல இல்லை உங்க லேப்ல பார்த்த "முதல் விதம்" ஒண்ணைக் குரல் பதிவா அனுப்புங்க. கம்பெனி பேர், ஆள் பேர் வேண்டாம். நல்லதா நாலஞ்சு வந்தா அடுத்த எபிசோட்ல சேர்த்துப் பேசுவோம்.